வெளிநாட்டு சைட் "ரூபாயிலேயே கட்டுறீங்களா?"ன்னு கேட்டா

மக்களே, இன்னைக்கு சுகர், பிபி, டெங்கு எதுவும் இல்ல. பணத்தைப் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். டீ, காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

"டாக்டருக்கு இதுல என்னய்யா வேலை?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். என்னைச் சுத்தி இருக்கிறவங்கள்ல நிறைய பேர் ஏதோ ஒரு வெளிநாட்டு சைட்டுக்குப் பணம் கட்டிக்கிட்டே இருக்காங்க. ஹவுஸ் சர்ஜன் தம்பி லண்டன் போக பிளாப் எழுதணும், அது பவுண்டு. இன்னொரு தம்பிக்கு அமெரிக்காவோட யூ.எஸ்.எம்.எல்.ஈ., ஒரு ஸ்டெப்புக்கே ஆயிரம் டாலரைச் சுத்தி ஆகும். ஸ்டாஃப் நர்ஸ் என்கிளெக்ஸ் எழுதணும்னா பதிவுக்கு 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியில எழுதுறதுக்கு இன்னொரு 150 டாலர், வரி தனி. ஃபார்மசிஸ்ட் அக்காவோட பொண்ணு நாலு வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுது.

இவங்க யாரும் பணக்காரங்க கிடையாது. நகையை அடகு வச்சுக் கட்டுறவங்களும் இதுல உண்டு. அந்தப் பணத்துல இருந்து நூத்துக்கு அஞ்சு, ஏழுன்னு சத்தமில்லாம எங்கயோ போகுது. ரசீதுல "கட்டணம்"னு ஒரு வரிகூட இருக்காது. அதனாலதான் இந்த த்ரெட்.

முதல்ல விஷயத்தை ஒரே மூச்சுல சொல்லிடறேன். அவசரத்துல இருக்கிறவங்க இதை மட்டும் படிச்சுட்டுப் போகலாம்.

வெளிநாட்டு சைட்ல கார்டு நம்பர் போட்டதும் "இந்திய ரூபாயில் கட்டுறீங்களா, டாலரில் கட்டுறீங்களா?"ன்னு கேட்டா, டாலரைத் தொடுங்க. பவுண்டுன்னா பவுண்டு, யூரோன்னா யூரோ. விலை எந்த நாட்டுப் பணத்துல போட்டிருக்கோ அதே பணம். ரூபாய் வேண்டாம்.

ஏன்னு இனி பார்ப்போம்.

உங்க கார்டு இந்தியக் கார்டுன்னு அந்த சைட்டுக்கு எப்படித் தெரியும்? கார்டு நம்பரோட முதல் சில இலக்கங்களே எந்த வங்கி, எந்த நாடுன்னு காட்டிக் கொடுத்துடும். உடனே அவங்களோட பேமெண்ட் கம்பெனி "நானே ரூபாயா மாத்தித் தரேன்"னு முன்னாடி வந்து நிக்கும். இதுக்குப் பேரு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமா டி.சி.சி. (லேப் ரிப்போர்ட்ல வர்ற டி.சி.க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.)

மாத்துறவங்க சும்மா மாத்த மாட்டாங்க. அன்னைக்கு மார்க்கெட்ல இருக்கிற ரேட்டுக்கு மேல அவங்க பங்கை ஏத்தி ஒரு ரேட் போடுவாங்க. எவ்வளவு ஏத்துவாங்கங்கறது இடத்துக்கு இடம் மாறும். 3 சதவீதமும் இருக்கலாம், 7, 8ம் இருக்கலாம். அந்த லாபத்துல ஒரு பங்கு கடைக்காரருக்கும் போகும். அதனாலதான் ரூபாய் பட்டன் பச்சைக் கலர்ல பெருசா, "உத்தரவாதமான ரேட்", "எவ்வளவு போகும்னு இப்பவே தெரியும்"ங்கற ஆறுதல் வார்த்தையோட இருக்கும். டாலர் பட்டன் கீழே மூலையில சாம்பல் நிறத்துல சின்னதா கிடக்கும்.

மனசு ரூபாயைத்தான் தேடும். நமக்குத் தெரிஞ்ச எண் அதுதானே. டாலர்ல கட்டினா கடைசியில எவ்வளவு வருமோன்னு ஒரு பயம். அந்தப் பயத்தை வச்சுத்தான் இந்த வியாபாரமே நடக்குது.

இங்க இன்னொரு கூத்து இருக்கு. ரூபாயில கட்டிட்டோமே, நம்ம வங்கி இனிமே ஒண்ணும் எடுக்காதுன்னு நினைப்போம். கடை வெளிநாட்டுல பதிவானது. அதனால ரூபாயில வந்தாலும் அது சர்வதேசப் பரிவர்த்தனைதான்னு சொல்லி, பல வங்கிகள் 1 சதவீதமோ அதுக்கு மேலயோ தனியா எடுக்கும். அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

ஓ.பி.யில இதை தினமும் பார்க்கிறேன். காய்ச்சலுக்கு ஒரு கடையில டோலோ வாங்கியிருப்பாங்க, இன்னொரு கடையில கால்பால். ரெண்டையும் சேர்த்துப் போட்டிருப்பாங்க. "ரெண்டும் வேற வேற மாத்திரைதானே சார்?" இல்லம்மா, ரெண்டும் பாராசிட்டமால்தான். பேரு வேற, மருந்து ஒண்ணு, டோஸ் டபுள். டி.சி.சி.யும் அதே கேஸ். ஒரே மாத்தலுக்கு ரெண்டு இடத்துல பணம்.

கணக்குக்கு வருவோம். எங்க ஆஸ்பத்திரியில ஒரு ஒப்பந்த ஸ்டாஃப் நர்ஸ் இருக்காங்க. மாசம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம். படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அவங்க 350 டாலர் கட்ட வேண்டியிருந்தது. நைட் டூட்டி, கேஷுவாலிட்டி கொஞ்சம் அடங்கி மணி மூணு இருக்கும். போனை நீட்டினாங்க.

"சார், ரூபாயில கட்டுங்கன்னு வருது. அமுக்கிடவா? அண்ணன் கார்டு. காலையில கட்டுனேன்னு சொல்லணும்."

"ஒரு நிமிஷம் சிஸ்டர். எவ்வளவு காட்டுது?"

அப்போ திரையில இருந்த எண்ணை இங்க போடல. ரேட் தினமும் மாறும். கணக்கு எல்லாருக்கும் புரியணும்னு ஒரு டாலர் 90 ரூபாய்னு வச்சுக்குவோம். அப்போ 350 டாலர் 31,500 ரூபாய். சைட் 6 சதவீதம் ஏத்தினா திரையில 33,390 ரூபாய் காட்டும். அதுக்கு மேல வங்கி 1 சதவீதம், அதுக்கு ஜி.எஸ்.டி., மொத்தம் இன்னும் ஒரு 394 ரூபாய். ஆகக் கூடி 33,784.

அதே கார்டுல டாலர் பட்டனை அமுக்கினா? இந்தியாவுல பெரும்பாலான சாதாரண கார்டுகளுக்கு வெளிநாட்டுப் பணத்துக்கான மார்க்கப் 3.5 சதவீதம். அதாவது 1,102 ரூபாய் 50 காசு. அதுக்கு ஜி.எஸ்.டி. 198 ரூபாய் சொச்சம். மொத்தம் சுமார் 32,801.

மார்க்கப்பே இல்லாத கார்டா இருந்தா 31,500ஐ ஒட்டியே நிக்கும்.

முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 2,284 ரூபாய். 18,000 சம்பளத்துக்கு ஒரு நாள் கூலி 600 ரூபாய். கிட்டத்தட்ட நாலு நாள் வேலை. வார்டுல நாப்பது பேஷண்ட்டுக்கு ஒத்தை ஆளா ஓடுற நாலு நாள். இது அவங்க கட்டப் போற முதல் கட்டணம் மட்டும்தான். தேர்வு, மொழித் தேர்வு, விசான்னு இன்னும் வரிசையா இருக்கு.

சிஸ்டர் டாலரைத்தான் அமுக்கினாங்க. அண்ணன்கிட்ட ஒரு வாரம் கழிச்சு ஸ்டேட்மெண்ட் வாங்கிக்கிட்டு வந்து காட்டினாங்க, அதுவரைக்கும் அவங்களுக்கு என் மேல முழு நம்பிக்கை வரல. வரக் கூடாதுதான். பண விஷயத்துல டாக்டர் சொன்னார்னு நம்பாதீங்க, நீங்களே கணக்குப் போடுங்க.

எப்படிப் போடுறது? ரொம்ப சுலபம். பணம் கட்டுற பக்கத்தை அப்படியே வச்சுட்டு, கூகுள்ல "350 யு.எஸ்.டி. டு ஐ.என்.ஆர்."னு தேடுங்க. வர்ற எண்ணையும் சைட் காட்டுற ரூபாயையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. இன்னும் துல்லியமா வேணும்னா விசா, மாஸ்டர்கார்டு ரெண்டு பேருமே அவங்க சைட்ல ரேட் கால்குலேட்டர் வச்சிருக்காங்க. தேதி, எந்தப் பணம், உங்க வங்கி எத்தனை சதவீதம் எடுக்கும்னு போட்டா கடைசித் தொகையே வந்துடும். ஒண்ணு ஞாபகம் வைங்க: நீங்க பட்டன் அமுக்கின நேரத்து ரேட்டே வரணும்னு இல்ல. கணக்கு முடிய ஓரிரு நாள் ஆகலாம், அதுக்குள்ள ரேட் கொஞ்சம் நகரும். சில்லறை வித்தியாசத்துக்கு பதற வேண்டாம்.

டி.சி.சி. எல்லா இடத்துலயும் ஒரே முகத்தோட வராது.

பேபால்ல கட்டும்போது கேள்வியே கேட்காம ரூபாயா மாத்திக் காட்டும். அந்தப் பக்கத்துலயே ரேட்டுக்குப் பக்கத்துல கன்வெர்ஷன் ஆப்ஷன்னு சின்ன எழுத்துல ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டு, "விற்பவர் போட்ட கரன்சியிலேயே என் கார்டு கம்பெனி மாத்தட்டும்"ங்கற பொருள்ல இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. அமெரிக்க அமேசான்லயும் அப்படித்தான். செக்அவுட்ல கரன்சியை ரூபாய்னு வச்சிருக்கும், டாலருக்கு மாத்திக்கலாம்.

சிங்கப்பூர், துபாய்னு போறவங்களுக்கும் இதே கதை. கடையில கார்டைத் தேய்க்கும்போது மெஷின் கேட்கும், ஏ.டி.எம். கேட்கும். கடைக்காரர் சில சமயம் உங்களைக் கேட்காமலே ரூபாயை அமுக்கிட்டு ஸ்லிப்பை நீட்டுவார். கையெழுத்துக்கு முன்னாடி ஸ்லிப்பைப் படிங்க. ஐ.என்.ஆர்.னு இருந்தா, "கேன்சல் பண்ணிட்டு உங்க ஊர்ப் பணத்துல போடுங்க"ன்னு கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. தேர்வு கார்டு வச்சிருக்கிறவருடையதுன்னுதான் விசா, மாஸ்டர்கார்டு விதியும் சொல்லுது.

ஐரோப்பிய ஒன்றியம் இதுக்காகவே 2019ல ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடுற ரேட்டை விட எத்தனை சதவீதம் கூடுதல்னு முகத்துக்கு நேரா காட்டணும்ங்கறது அதுல உள்ள விஷயம். அங்கயே சட்டம் போட வேண்டிய அளவுக்கு மக்கள் ஏமாந்திருக்காங்க. அதனால "நான் படிக்காதவ சார், அதான் தெரியல"ன்னு யாரும் சங்கடப்பட வேண்டாம்.

கார்டு கம்பெனிகள் யோக்கியம்னு நினைச்சுடாதீங்க. ஆஸ்திரேலியாவுல டி.சி.சி. பரவ விடாம தடுத்ததுக்காக விசாவுக்கு 2015ல கோர்ட் 1.8 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. மாத்துற வேலை தன் கையை விட்டுப் போகக் கூடாதுன்னு அவங்களுக்கும் அக்கறை. ரெண்டு பேருக்கும் நடுவுல நம்ம பர்ஸ். நமக்கு எது குறைவோ அதைப் பார்த்துக்கிட்டுப் போவோம்.

இப்போ ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். ரூபாய்னு பார்த்தாலே ஓடணுமான்னு கேட்டா, இல்ல. சில வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவுக்குன்னே தனி விலை வச்சிருப்பாங்க. மாசம் 199, 499னு. அது மாத்தின விலை கிடையாது, இந்த ஊருக்கான விலை. டாலர் விலையை விடக் குறைவாகவே இருக்கும் பல நேரம். அதைத் தாராளமா கட்டுங்க. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? நான் பார்க்கிற அடையாளம் எண்ணோட வடிவம். 499, 1,999னு உருண்டையா இருந்தா யாரோ உட்கார்ந்து வச்ச விலை. 8,347 ரூபாய் 62 காசுன்னு இருந்தா மெஷின் மாத்தினது. உருண்டை விலையா இருந்தாலும் கம்பெனி வெளிநாட்டுல பதிவாகியிருந்தா, நான் மேல சொன்ன 1 சதவீதத்தை வங்கி எடுக்கலாம். ஸ்டேட்மெண்ட்ல கம்பெனி பேருக்குப் பக்கத்துல சிங்கப்பூர், டப்ளின்னு ஊர் இருந்தா ஒரு பார்வை பாருங்க.

சரி, டாலர் பட்டன் அமுக்கியாச்சு. மிச்சம் இருக்கிறது உங்க வங்கியோட மார்க்கப். இது கார்டைப் பொறுத்தது. அதனால பணம் கட்டுற அன்னைக்கு ஒண்ணும் பண்ண முடியாது, முன்னாடியே பண்ணணும்.

3.5 சதவீதம்னு சொன்னேன், ஜி.எஸ்.டி.யோட அது 4.13. சில கார்டுக்கு 2 சதவீதம், ஜி.எஸ்.டி.யோட 2.36. சில கார்டுக்குப் பூஜ்யம். எந்தக் கார்டுன்னு பேர் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நான் சொன்னா ஆறு மாசத்துல அந்த வங்கி விதியை மாத்தும், நீங்க என்னைத் திட்டுவீங்க. "டாக்டர் கமிஷன் வாங்குறார்"னு ஒரு கூட்டம் வேற கிளம்பும். தேடுற வழியைச் சொல்றேன். ஒவ்வொரு கார்டுக்கும் முக்கிய விதிமுறைகள்னு ஒரு பி.டி.எஃப். வங்கி சைட்லயே இருக்கும். அதுல "ஃபாரின் கரன்சி"ங்கற வார்த்தையைத் தேடுங்க. மார்க்கப் எவ்வளவுன்னு அங்க ஒரு வரியில எழுதியிருக்கும். விளம்பரத்தையோ போன்ல பேசுற பொண்ணு சொல்றதையோ நம்பாதீங்க, அந்த ஒரு வரியை நம்புங்க.

பூஜ்யம்னு பார்த்ததும் பாய்ஞ்சுடவும் வேண்டாம். வருஷக் கட்டணம் பாருங்க. கட்டணம் 3,000, ஜி.எஸ்.டி.யோட 3,540 ரூபாய்னா, வருஷத்துக்கு சுமார் 86,000 ரூபாய் வெளிநாட்டுச் செலவு பண்ணாத்தான் சாதாரண கார்டை விட இது லாபம். அதுக்குக் கீழன்னா நஷ்டம். வருஷக் கட்டணம் இல்லாத பூஜ்ய மார்க்கப் கார்டும் இருக்கு, தேடணும்.

"எனக்கு யார் சார் கிரெடிட் கார்டு கொடுப்பா? ஒப்பந்தச் சம்பளம்"னு சிஸ்டர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. பல வங்கிகள் ஃபிக்ஸட் டெபாசிட் மேல கார்டு தருவாங்க. சம்பளச் சான்று, ஐ.டி. ரிட்டர்ன் எதுவும் பெருசா கேட்க மாட்டாங்க. போட்ட டெபாசிட்டுக்கு ஏத்த மாதிரி லிமிட் வரும், டெபாசிட்டுக்கு வட்டியும் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த வகையிலயும் மார்க்கப் இல்லாதது உண்டு. தேர்வுக்குன்னு சேர்த்து வச்ச பணத்தை சேவிங்ஸ்ல போட்டு வைக்கிறதுக்குப் பதிலா இப்படி வச்சா ரெண்டு வேலை நடக்கும்.

இதையெல்லாம் பில்லை முழுசா, தேதிக்குள்ள கட்டுற ஆளுக்குத்தான் சொல்றேன். மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு மிச்சத்தைத் தள்ளி வைக்கிறவங்களுக்கு மாசத்துக்கே 3.5 சதவீதத்தைச் சுத்தி வட்டி ஓடும். 4 சதவீதம் மிச்சம் பிடிச்சுட்டு அங்க 40 சதவீதம் கட்டினா அதைவிடக் கொடுமை வேற இல்ல. அப்படிப்பட்டவங்க டெபிட் கார்டுலயே கட்டிடுங்க, மார்க்கப் போனா போகுது.

டெபிட் கார்டுன்னதும் ஒண்ணு. அரசு ஊழியர்கள் பலரோட சம்பள அக்கவுண்ட்டுக்கு ருபே கார்டுதான் வரும். பல வெளிநாட்டு சைட்ல அதைப் போட்டா எடுக்காது. வெளிநாட்டுல டிஸ்கவர் மாதிரி வேற நெட்வொர்க் வழியாத்தான் அது ஓடும். தேர்வுப் பதிவோட கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு இதைக் கண்டுபிடிக்காதீங்க. வங்கியில கேட்டு விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் ஒண்ணு முன்கூட்டியே வாங்கி வைங்க.

ஃபாரெக்ஸ் கார்டைப் பத்தியும் கேட்பீங்க. டாலர் ஏத்தி டாலர்ல செலவு பண்ணினா மார்க்கப் இருக்காது, உண்மைதான். ஆனா ஏத்தும்போதே வங்கி தன் ரேட்டுலதான் ஏத்தும், அதுல அவங்க லாபம் உள்ள இருக்கும். கார்டு கட்டணம், ஏத்துற கட்டணம் தனி. டாலர் ஏத்தின கார்டுல பவுண்டு ஃபீஸ் கட்டினா கிராஸ் கரன்சின்னு சொல்லி அதே 3.5 சதவீதம் வந்து நிக்கும் பல கார்டுல. ஒரே ஒரு ஃபீஸ் கட்டுறதுக்காக இதை வாங்க வேண்டாம்னு நான் சொல்வேன். மாசக்கணக்குல வெளிநாட்டுல தங்கப் போறவங்களுக்கு வேற கணக்கு.

காலேஜ் ஃபீஸ் மாதிரி லட்சக்கணக்குல போறதுக்குக் கார்டே தப்பான கருவி. வங்கி வழியா அனுப்புங்க. அதுலயும் "கட்டணம் வெறும் ஆயிரம் ரூபாய்"னு சொல்றதுல ஏமாறாதீங்க. பெரிய பணம் ரேட்டுலதான் ஒளிஞ்சிருக்கும். ஒரே நாள், ஒரே நேரத்துல ரெண்டு வங்கிக்கும், ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள ஒரு பணம் மாத்துற கம்பெனிக்கும் போன் போட்டு "10,000 டாலர் அனுப்ப என் அக்கவுண்ட்ல இருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகும்?"னு மட்டும் கேளுங்க. ஃபீஸ் எவ்வளவு, ரேட் எவ்வளவுன்னு தனித்தனியா கேட்டா தலை சுத்தும். மொத்த ரூபாய்தான் கணக்கு. தொகை பெருசா இருந்தா ரேட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம், கிளை மேனேஜர் இறங்கி வருவார்.

டி.சி.எஸ். வரியைப் பத்தி ஒரு பயம் சுத்துது. ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபாய் வரைக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பினா அது கிடையாது, 2025 ஏப்ரல்ல இருந்து இதுதான் வரம்பு. அதுக்கு மேல பிடிச்சாலும் அது வருமான வரியில கழிச்சுக்கக் கூடிய பணம்தான். நம்ம தேர்வு ஃபீஸ் கணக்குக்கு இது வராது.

இன்னொரு வழியை யாராவது சொல்லுவாங்க. "அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் அவன் கார்டுல கட்டட்டும், இங்க அவங்க அம்மா அக்கவுண்ட்ல நாம ரூபாய் போட்டுடலாம்." கேட்க நல்லாத்தான் இருக்கும். அங்க டாலர், இங்க அதுக்கு ஈடா ரூபாய்ங்கற ஏற்பாடு ஃபெமா சட்டத்துக்கு ஒத்து வராது. அரசு வேலையில இருக்கிறவங்க, விசாவுக்காக வங்கிக் கணக்கைக் காட்டப் போறவங்க இந்தப் பக்கமே போகாதீங்க. ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்கு அந்தத் தலைவலி தேவையில்ல.

அப்புறம் பாதுகாப்பு. இந்திய சைட்ல ஓ.டி.பி. வந்து வந்து நமக்குப் பழகிப் போச்சு. பல வெளிநாட்டு சைட்ல ஓ.டி.பி.யே கேட்காது. கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கிற மூணு எண் போதும், பணம் போயிடும். 2020ல ரிசர்வ் வங்கி ஒரு நல்ல வேலை பண்ணுச்சு. புதுசா வர்ற கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கணும், வேணும்னா நாமதான் திறக்கணும்னு விதி கொண்டுவந்தது. வங்கி ஆப்ல அந்த சுவிட்ச் இருக்கும். கட்டுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி திறங்க, லிமிட்டை ஃபீஸுக்குக் கொஞ்சம் மேல வைங்க, கட்டி முடிச்சதும் மூடிடுங்க. ஃபீஸ் ஏறலன்னு பதறி நாலு தடவை அமுக்குறதுக்கு முன்னாடி இந்த சுவிட்ச் திறந்திருக்கான்னு பாருங்க. பாதிப் பேருக்குப் பிரச்சினை அதுதான்.

கடைசியா ரீஃபண்ட். தேர்வு தேதியை மாத்தி, ரத்து பண்ணி பணம் திரும்பி வரும்போது "350 டாலர் கட்டினேன், ரூபாய் குறைவா வந்திருக்கே"ன்னு கேட்டுக்கிட்டு வருவாங்க. 350 டாலர்தான் திரும்பி வந்திருக்கும். ஆனா அது திரும்பி வந்த நாளோட ரேட்டுல மாறும், போகும்போது வங்கி எடுத்த மார்க்கப்பும் ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் திரும்பாது. ரூபாய் பட்டன் அமுக்கிக் கட்டியிருந்தா, சைட்காரங்க திரும்ப மாத்தும்போதும் அவங்க ரேட்டுலயே மாத்தலாம், இன்னும் குறையும். அதனால தேதி உறுதியாகாம ஃபீஸ் கட்டாதீங்க. கட்டின அன்னைக்கு வந்த மெயில், டாலர் தொகை இருக்கிற ரசீது, வங்கி ஸ்டேட்மெண்ட் மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. தொகை தப்பா வந்திருந்தா வங்கியில டிஸ்ப்யூட் போட இந்த மூணும்தான் கேட்பாங்க, அதுக்குக் கால வரம்பும் உண்டு. ஸ்டேட்மெண்ட் வந்த வாரத்துலயே பார்த்துடுங்க.